தம்பிக்கு, போர் வண்டி வருவதற்கு முன்

தஞ்சாவூர்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. செல்வியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இருக்கிற போரில் தண்ணீர் குறைந்துவிட்டது, புதிதாக 700 அடிக்குப் போகலாம் என்று போர்க்காரர் சொல்கிறார், செல்வியின் நகையை வைத்துப் பணம் புரட்டப்போகிறாய். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொன்னார் என்றாயே, "அங்க போயிட்டா ஆர்ட்டீசியன் ஊத்து, மோட்டாரே வேணாம், தானா கொட்டும்" என்று. அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். நிலத்தடி நீரோடு முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் வீட்டிலேயே இருக்கும்போது, இதை உனக்கு விளக்காமல் விட்டால் நான் படித்து என்ன பயன்? போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. கொஞ்சம் கணக்கு வருகிறது. பெரியவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்று. போர்க்காரர் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது உண்மை. அவருடைய தாத்தா காலத்து உண்மையை இந்த வருஷத்து உண்மை போலச் சொல்கிறார், அவ்வளவுதான்.

நம் மண்ணின் அடுக்குகள் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் மேலே வண்டல். அதற்குக் கீழே களிமண்ணும் மணலும் மாறி மாறி. இன்னும் கீழே போனால் கடலூர் மணற்கல் என்று புவியியலில் பெயர் வைத்திருக்கும் தடித்த மணல் அடுக்குகள். இந்த அடுக்குகள் மட்டமாகப் படுத்திருக்கவில்லை. கடலை நோக்கி லேசாகச் சரிந்திருக்கின்றன. மேற்கே விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் அதே மணற்கல் தரைக்கு வந்துவிடுகிறது. நாம் செம்மண் காடு என்கிறோமே, முந்திரியும் பலாவும் நிற்கிற அந்த மேடு, அதுதான். அங்கே விழுகிற மழையில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கி, சரிவோடு கிழக்கே நகர்கிறது. நகர நகர, அதன் மேலும் கீழும் களிமண் மூடிக்கொள்கிறது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. இப்படி மூடிய மணலுக்குள் நிறைந்த நீருக்கு அழுத்தம் வந்துவிடும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீ வீடு கட்டியபோது மேஸ்திரி வைத்திருந்த ட்யூப் லெவலை நினைத்துக்கொள். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடிப்பாரே. நடுவில் குழாய் தரையில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். செம்மண் மேடு ஒரு முனை. உன் நிலத்தில் போடும் போர் மறு முனை. களிமண்ணைத் துளைத்து மணலைத் தொட்ட கணத்தில், மறு முனையின் மட்டத்தைப் பிடிக்கத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது. அந்த மட்டம் உன் தரையைவிட உயரமாக இருந்தால் வெளியே கொட்டும். தாழ்வாக இருந்தால் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். மேஸ்திரியின் குழாயில் மணல் இல்லை. நம் குழாய் முழுவதும் மணல். மணலுக்குள் நகர்கிற நீர் உராய்ந்து உராய்ந்து உயரத்தை இழக்கும். எத்தனை தூரம், எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்து இழப்பு கூடும். பிரான்சில் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய உருளைகளில் தண்ணீரை விட்டு அளந்து 1856இல் இந்தக் கணக்கை எழுதி வைத்தார். இன்றுவரை எங்கள் துறையில் எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே உன் போரில் மட்டம் எப்போதும் செம்மண் மேட்டின் மட்டத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வழியில் பத்துப் பேர் இறைத்தால் இன்னும் குறையும்.

இதில் போர்க்காரர்களும் சில பொறியாளர்களும்கூடக் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வெளியே கொட்டினால்தான் ஆர்ட்டீசியன் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மணல் அடுக்கின் தலைக்கு மேலே தண்ணீர் ஏறி நின்றாலே அது அழுத்த நீர்தான். 300 அடியில் மணல் தட்டி, தண்ணீர் 100 அடிக்கு ஏறி நின்றால் அதுவும் ஆர்ட்டீசியன் கிணறே. கொட்டுவதும் கொட்டாததும் உன் தரை எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. ஒரே அடுக்கைத் தொட்ட இரண்டு போரில், ஓடைப் பள்ளத்தில் இருப்பது பொங்கும், வீட்டு மேட்டில் இருப்பது பொங்காது. இரண்டிலும் இருப்பது ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். பள்ளத்துக்காரன் அதிர்ஷ்டக்காரன் என்று ஊர் பேசும்.

பழைய கதைக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இந்த மாதிரி ஊற்றுக்கிணறுகளைத் தேடித் துளைத்தார்கள். பாகூர்ப் பக்கம் துளைத்தபோது தண்ணீரோடு பழுப்பு நிலக்கரியும் தட்டுப்பட்டது. அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. பிறகு 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஊற்றுக்கிணறு போட்டார். பொங்கிய தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அப்படியே விட்டுவிடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். நெய்வேலி நிலக்கரி வெளியே வந்த கதை இது. நிலக்கரியைக் காட்டிக்கொடுத்தது தண்ணீர். அந்த நிலக்கரியை எடுக்கவிடாமல் வருஷக்கணக்கில் தடுத்து நின்றதும் அதே தண்ணீர்தான். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்த பாடம். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகை 10 முதல் 20 மீட்டர் கனம். அதன் மேல் 50 முதல் 100 மீட்டர் வரை மண். நிலக்கரிக்குக் கீழே அழுத்த நீர் நிறைந்த மணல். அந்த நீர் நிலக்கரியின் அடிவயிற்றை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. கேட்கச் சின்ன எண். ஒரு சதுர மீட்டருக்கு மாற்றிப் பார், 60 முதல் 80 டன்.

இப்போது மேலிருந்து அமுக்குவதைக் கணக்குப் போடு. மேல்மண் 70 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறக்குறைய 2 டன். ஆக 140 டன். அதோடு 15 மீட்டர் நிலக்கரி. பழுப்பு நிலக்கரி தண்ணீரைவிடச் சற்றுத்தான் கனம், ஆகவே ஒரு 17 டன். மொத்தம் 157 டன் கீழே அமுக்குகிறது, 60 முதல் 80 டன் மேலே தள்ளுகிறது. பல லட்சம் வருஷமாக எந்தச் சிக்கலும் இல்லை.

சுரங்கம் என்ன செய்கிறது? நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை வாரி அப்பால் கொட்டுகிறது. 140 டன் போய்விட்டது. மிச்சம் 17 டன். கீழேயிருந்து வரும் தள்ளு மட்டும் அப்படியே 60 முதல் 80 டன். சுரங்கத்தின் தரையே உப்பி, வெடித்து, மணலும் நீருமாகப் பொங்கி மேலே வந்துவிடும். இறங்கி நிற்கிற ஆளும் இயந்திரமும் தப்ப முடியாது.

நெய்வேலியில் நிலக்கரி இருக்கிறது என்று தெரிந்த பிறகும், எடுக்க முடியுமா என்ற கேள்வி பல காலம் தொங்கியதற்கு இதுவே பெரிய காரணம். தீர்வு கேட்க எளிது. மண்ணை எடுப்பதற்கு முன்னாலேயே சுற்றிலும் ஆழ்குழாய்களை இறக்கி, அடி மணலிலிருந்து நீரை இறைத்து, அந்த இடத்தில் மட்டும் அழுத்தத்தை இறக்கி வைப்பது. மணலைக் காய வைக்க வேண்டியதில்லை, அதில் நீர் நிறைந்தே இருக்கலாம். மேல்மண்ணை எடுக்கும் கட்டத்தில் தள்ளுகிற பலம் 17 டன்னுக்குக் கீழே இறங்கினால் போதும். சோதனையாக இறைத்து, இது நடக்கும் என்று கண்ட பிறகுதான் 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரியைத் தொட்டது 1961 ஆகஸ்டில். அன்றிலிருந்து அந்தப் பம்புகள் இரவு பகல் ஓய்ந்ததில்லை. சுரங்கம் இருக்கும்வரை ஓயவும் முடியாது. அங்கே வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் வாளிச் சக்கர இயந்திரங்களைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பம்புகள்தான் பெரிது. மண் வாரும் இயந்திரம் ஒரு நாள் நின்றால் உற்பத்தி நிற்கும். பம்புகள் நின்றுபோனால் சுரங்கமே இருக்காது.

இப்போது உன் கேள்வி வரும். "அவ்வளவு தண்ணி இருக்குல்ல அக்கா? அப்ப எனக்கு ஒரு போர் போட்டா என்ன?"

இங்கேதான் அழுத்தம் நம்மை ஏமாற்றும். வேகமாகப் பீச்சுகிறது என்றால் நிறைய இருக்கிறது என்று மனசு நினைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சாதாரணக் கிணற்றில், மூடாத மணலில், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அந்த ஒரு மீட்டர் மணலில் இருந்த நீர் வடிந்து நமக்குக் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 150 லிட்டர் என்று வை. ஒரு ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர். மூடிய மணலில் கதையே வேறு. அங்கே அழுத்தமட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலும் மணல் நிறைந்தேதான் இருக்கும். அப்படியானால் நீ இறைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேலே இருக்கும் மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை மணலும் இன்னொரு பங்கை நீரின் அழுத்தமும் சுமந்துகொண்டிருந்தன. நீர் தன் பங்கை விட்டதும் மணல் அந்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு மயிரிழை அளவு அமுங்குகிறது. அழுத்தம் குறைந்த நீரும் மயிரிழை அளவு விரிகிறது. அந்த அமுக்கத்திலும் விரிவிலும் பிதுங்கி வந்ததுதான் உன் தண்ணீர். ஆஸ்கர் மைன்சர் என்ற அமெரிக்கர் 1928இல் இதை எழுதும்வரை, இந்தப் படுகைகள் கல் போல அசையாதவை என்றே பலர் நினைத்தார்கள்.

பிதுங்கும் அளவு எவ்வளவு? பாடப் புத்தகங்கள் கொடுக்கும் எல்லையின் நடுவில் ஓர் எண்ணை எடுத்தால், ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு அரை லிட்டர். ஒரு ஏக்கருக்கு 2,000 லிட்டர். உன் மோட்டார் நிமிஷத்துக்கு 250 லிட்டர் தள்ளினால் எட்டு நிமிஷத்துக்குக் காணும். ஒன்பதாவது நிமிஷம்? பக்கத்து ஏக்கரிலிருந்து வர வேண்டும். பிறகு அதற்கடுத்த ஏக்கர். கையிருப்பு இவ்வளவு மெலிதாக இருப்பதால் அழுத்தக் குறைவு கிலோமீட்டர் கணக்கில் பரவிக்கொண்டே போகும்.

மணல் அமுங்கும் என்றால் நம்ப முடியவில்லையா? அமெரிக்காவில் லாங் ஐலண்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆர்ட்டீசியன் கிணற்றை அளந்தார்கள். ரயில் வந்து நிற்கும்போது அதன் பாரம் தாங்காமல் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ரயில் கிளம்பியதும் இறங்கியது. ஜேக்கப் என்பவர் 1939இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். புயல் சின்னம் வந்து காற்றழுத்தம் குறைந்தாலும் இந்தக் கிணறுகளில் மட்டம் ஏறும். கடற்கரைப் பக்கம் ஓதத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். நிலத்துக்குள் இருந்தாலும் வானத்துக்கும் கடலுக்கும் பதில் சொல்கிற தண்ணீர் இது. பெரியவனுக்கு இதைச் சொல், ரசிப்பான்.

ஒருவருடைய கிணறு அடுத்தவருடையதை எப்படித் தொடும் என்பதற்குப் பாரிஸ் நகரத்துக் கதை போதும். கிரனெல் என்ற இடத்தில் முலோ என்பவர் ஏழு வருஷத்துக்கு மேல் துளைத்து, 1841 பிப்ரவரியில் 548 மீட்டர் ஆழத்தில் நீரைத் தொட்டார். வெதுவெதுப்பான தண்ணீர் பொங்கிக் கொட்டியது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. இருபது வருஷம் கழித்து 1861இல் சில கிலோமீட்டர் தள்ளி பாசி என்ற இடத்தில் இன்னொரு கிணறு, இன்னும் பெரிய குழாயோடு. அது பொங்கத் தொடங்கியதும் கிரனெல் கிணற்றில் வரத்து குறைந்துவிட்டது. தண்ணீர் அங்கிருந்து இங்கே ஓடிவந்துவிட்டதா என்றால் இல்லை. மணலுக்குள் நீர் வருஷத்துக்குச் சில மீட்டர்தான் நகரும், அத்தனை தூரம் வர நூற்றாண்டுகள் ஆகும். அழுத்தக் குறைவுதான் வந்து சேர்ந்தது. அதற்கு நூற்றாண்டு வேண்டாம், நாட்கள் போதும்.

இந்த இரண்டு வேகத்தையும் சேர்த்து யோசித்தால் உனக்கு நம் ஊர் நிலைமை புரியும். நீர் நகரும் வேகம் இவ்வளவு மெதுவானது என்பதால், நம் பக்கத்து ஆழ்நீர் மிகப் பழையது. நெய்வேலிப் பகுதியின் ஆழ்நீரில் கார்பன்-14 அளந்த ஆய்வுகள், மழை இறங்கும் மேட்டில் இளம் நீரையும், கடலை நெருங்க நெருங்கப் பல ஆயிரம் வருஷம் முதிர்ந்த நீரையும் காட்டின. சோழர்கள் வீராணம் வெட்டுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னே மண்ணுக்குள் இறங்கிய மழை அது. அதைத்தான் சுரங்கத்தில் இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். அதில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து நம் பக்கத்து நெல்லுக்குப் பாய்கிறது. ஆழத்தில் அழுத்தமாக இருந்தது மேலே பாசனமாக வருகிறது. இதை லாபம் என்பதா நஷ்டம் என்பதா என்று கேட்டால், ஏரிப் பாசனக்காரன் ஒரு பதில் சொல்வான், போர் வைத்திருப்பவன் வேறு பதில் சொல்வான்.

யாரால் மட்டம் இறங்கியது என்ற சண்டை ஊரில் எப்போதும் உண்டு. விவசாயி சுரங்கத்தைக் காட்டுவார். சுரங்கத்துக்காரர் விவசாயிகளின் ஆழ்குழாய்களைக் காட்டுவார். தொழிற்சாலைகளை இருவரும் காட்டுவார்கள். என் முடிவு இதுதான்: மூவருமே. சுரங்கம் தொடர்ந்து, ஒரே இடத்தில், பெரிய அளவில் இறைக்கிறது. அதன் சுவடு ஆழமானது. விவசாயத்தில் ஒவ்வொன்றும் சின்னது, எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில். இலவச மின்சாரம் வந்தபிறகு மட்டம் 50 அடி இறங்கினாலும் அது யார் பையையும் தொடுவதில்லை. மோட்டாரைப் பெரிதாக்குகிறோம், குழாயைக் கூட்டுகிறோம். டீசல் எஞ்சின் காலத்தில் ஒவ்வொரு அடி இறக்கத்துக்கும் காசு கரைந்தது, கண்ணில் பட்டது. இப்போது படுவதில்லை. இலவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உன் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாதா? ஆனால் கண்ணை மறைத்துவிட்டது என்பது நிஜம்.

நமக்குக் கிழக்கே கடல் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. நிலத்து நீரின் மட்டம் கடல்மட்டத்தைவிட உயரமாக இருக்கும்வரை ஓட்டம் கடலை நோக்கி. அது கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் ஓட்டம் திரும்பும். உப்பு ஒருமுறை மணலுக்குள் ஏறினால் அதைக் கழுவி வெளியேற்ற ஒரு ஆயுள் போதாது.

இறங்கிய அழுத்தம் திரும்பவே திரும்பாதா என்றால், திரும்பும். லண்டனுக்கு அடியில் இருக்கும் சுண்ணப்பாறை நீரை 19ஆம் நூற்றாண்டு தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இறைத்துத் தள்ளினார்கள். தொழிற்சாலைகள் மூடிய பிறகு 1960களிலிருந்து மட்டம் ஏறத் தொடங்கி, சுரங்க ரயில் பாதைகளுக்கே ஆபத்தாகிவிடும் என்று பயந்து, இப்போது திட்டம் போட்டு இறைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த ஆர்ட்டீசியன் படுகை ஒன்று உண்டு. 1878இல் முதல் கிணறு. பிறகு ஆயிரக்கணக்கில் துளைத்து, மூடி போடாமல், திறந்த வாய்க்காலில் ஓட விட்டார்கள். ஆடுமாடு குடித்தது கொஞ்சம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகவும் மண்ணில் ஊறியும் வீணாகப் போனது. ஒவ்வொன்றாகக் கிணறுகள் பொங்குவதை நிறுத்தின. 1999 முதல் அரசே பணம் போட்டு வால்வு பொருத்தி, வாய்க்காலை மூடிக் குழாய் போட்ட இடங்களில் அழுத்தம் மீண்டும் ஏறியிருக்கிறது. நூறு வருஷம் பிந்தி வந்த புத்திதான், இருந்தாலும் வந்தது.

சரி, உன் போருக்கு வருகிறேன்.

உன் போர் 280 அடி, மோட்டார் 160 அடியில் தொங்குகிறது என்றாய். தண்ணீர் குறைந்தது என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. மோட்டார் ஓடாதபோது தண்ணீர் பழைய மட்டத்திலேயே நின்று, ஓட்டியதும் சரேலென்று இறங்கினால், படுகையில் குறையில்லை. மணலிலிருந்து நீரை உள்ளே விடும் ஸ்லாட் பைப்பில் துரு, களி, சுண்ணாம்பு அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் வைத்து ஊதிக் கழுவினாலே தெரிந்துவிடும், நகை வைக்க வேண்டியதில்லை. ஓடாதபோதே மட்டம் இறங்கிக் கிடந்தால், அந்த மணலின் அழுத்தமே குறைந்திருக்கிறது. அப்போது அதே மணலை இன்னொரு இடத்தில் துளைப்பது வீண். மோட்டாரை இறக்கிப் போடலாம், பயிரை மாற்றலாம், சொட்டுநீருக்குப் போகலாம்.

700 அடி மணல் வேறு அடுக்கு என்றால் அதன் மட்டம் வேறாக இருக்கலாம். அதைத் துளைக்காமலே தெரிந்துகொள்ளலாம். பக்கத்து ஊரில் அந்த ஆழத்துக்குப் போனவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்கள் குழாயில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார். 150 அடியில் நின்றால் உன் 700 அடி போரிலும் ஏறக்குறைய 150 அடியில்தான் நிற்கும். கூடுதல் 420 அடிக்குக் கொடுத்த காசு உனக்குக் கூடுதல் உயரம் எதையும் வாங்கித் தராது. அப்படியே தானாகக் கொட்டும் என்று போர்க்காரர் இன்னும் சொன்னால், எந்த ஊரில், யார் நிலத்தில், இந்த வருஷம் கொட்டுகிறது என்று கேள். கூட்டிப்போய்க் காட்டட்டும்.

எல்லாம் பார்த்து, போட்டே ஆக வேண்டும் என்று வந்தால் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக நில். தண்ணீர் கூட வரும் என்று சொல்லி வழியில் தட்டுகிற எல்லா மணலுக்கும் ஸ்லாட் பைப் வைப்பார்கள். விடாதே. அழுத்தம் வேறான இரண்டு அடுக்கை ஒரே குழாயால் சேர்த்தால், நீ மோட்டாரை நிறுத்திய பிறகும் ஒன்றின் நீர் மற்றதற்குள் இரவெல்லாம் கசிந்துகொண்டிருக்கும். மேல் மணலில் உப்போ உரமோ இருந்தால் அதுவும் கீழே இறங்கிவிடும். அடுத்து, துளையின் சுவருக்கும் கேசிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில், களிமண் அடுக்கு வருகிற ஆழத்தில் சிமெண்ட் அடைக்கச் சொல். சல்லியை மேலே வரைக்கும் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். இயற்கை போட்டு வைத்த மூடி அந்தக் களிமண்தான். அதில் ஓட்டை போட்டவர்தான் அடைக்கவும் வேண்டும். இதற்கு ஆகிற கூடுதல் செலவை நான் தருகிறேன், செல்வியிடம் கேட்காதே.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய். நாளை மறுநாள் விடியற்காலை, மும்முனை மின்சாரம் வந்து யாரும் மோட்டார் போடுவதற்கு முன், டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவி உன் போருக்குள் விட்டு, எத்தனை அடியில் நனைகிறது என்று பார். மேலத்தெரு மாமா போரிலும், ஏரிக்கரைப் பங்காளி போரிலும் அதே காலையில் பார். ஆழமான போர் வைத்திருப்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொள். போர் எத்தனை அடி, ஸ்லாட் எந்த ஆழத்தில், தண்ணீர் எத்தனை அடியில் என்று ஒரு தாளில் எழுதிப் பெரியவனை விட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல். நான் பார்த்துப் பதில் சொல்லும்வரை போர்க்காரருக்கு முன்பணம் கொடுக்காதே, நகையையும் அடகு வைக்காதே.

அன்புடன்,
அக்கா